பதவியே இல்லாதவருக்கு எதற்கு பேனர்?

29 ஜனவரி 2023, காலை

“வார்டு மெம்பராகக்கூட இருந்ததில்லை. ரோடு போட்டாரா, தண்ணீர் கொண்டு வந்தாரா? தையல் கடை வைத்திருந்த ஒரு அம்மாவுக்கு பஸ் ஸ்டாப்பில் எட்டடி இரங்கல் பேனர் எதற்கு?” பாலக்கோடு பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பேனர் எனக்கும் பிடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி குத்தலாகக் கேட்டிருந்தாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான்.

தெரியாதவர்களுக்கு: எங்கள் ஊரில் டெய்லர் அக்கா என்றால் ஒருத்தர்தான். தொண்ணூறுகளில், பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராகச் சேர்ந்தவர். இயக்கம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு இவர் மட்டும் போகவில்லை. அளவு நோட்டு என்று ஒன்று வைத்திருப்பார். முன்பக்கத்திலிருந்து திறந்தால் ஊர்ப் பெண்களின் ரவிக்கை அளவு. பின்பக்கத்திலிருந்து திறந்தால் யார் எந்த மனுவை எந்தத் தேதியில் எங்கே கொடுத்தார்கள், ஒப்புகைச் சீட்டு எண் என்ன என்ற கணக்கு. இரண்டும் நடுவில் சந்தித்துக்கொண்டால் புது நோட்டு வாங்குவார். அப்படி எத்தனை நோட்டு என்று கேட்டால் எனக்குத் தெரிந்து ஒரு டிரங்குப் பெட்டி நிறைய.

தேர்தலில் நின்றதே இல்லை. பதவி வேண்டாம் என்று இருந்தவர்.

29 ஜனவரி 2023, இரவு

விட்டுப்போனது ஒன்று. அக்கா இறந்தது 24-ஆம் தேதி. இரண்டே நாளில் குடியரசு தின கிராம சபை. நான் ஓசூரிலிருந்து காரியத்துக்கு வந்தவன், அப்படியே கூட்டத்துக்கும் போனேன். இரங்கல் தீர்மானம் போட்டார்கள், எழுந்து நின்றோம், தேநீர் கொடுத்தார்கள். பிறகு கையெழுத்துப் போடப் போனபோது பார்த்தேன்: கடைசித் தீர்மானத்துக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது. யாரும் கோடு போடவில்லை.

கிராம சபைக்குப் போகாதவர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊராட்சியில் முன்பெல்லாம் கையெழுத்து முதலில், தீர்மானம் அப்புறம். எங்கள் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அதனால் டீ கொடுக்கும்போதே நோட்டைச் சுற்றுக்கு விட்டுவிடுவார்கள். களை எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். சாயந்திரம் வசதியாக உட்கார்ந்து என்ன வேண்டுமோ எழுதிக்கொள்வார்கள்.

அக்கா செய்தது இவ்வளவுதான். தீர்மானம் எழுதி முடித்து, படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று பிடிவாதம் பிடித்தார். எழுதி முடித்ததும் மிச்சமுள்ள காலி இடத்தில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு நீலப் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு. துணியில் சாக்பீஸ் இழுப்பாரே, அதே வேகம். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. முதல் தடவை கோடு போட்டபோது பெரிய சண்டை. “அரசாங்க நோட்டுல கை வைக்கிறியா” என்று ஒருத்தர் எகிறினார். “அப்ப நீங்களே போடுங்க சார், நான் பார்க்கிறேன்” என்று பென்சிலை நீட்டினாராம்.

ரோடு போட்டாரா என்றால் போடவில்லை. கோடு போட்டார். (எழுதிய பிறகுதான் எதுகை கவனித்தேன். இருக்கட்டும்.)

31 ஜனவரி 2023

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். பேனரில் “ஒகேனக்கல் குடிநீர் தந்த தாயே” என்று போட்டிருக்கிறார்கள். சுத்தப் பொய். ஒகேனக்கல் திட்டம் ஜப்பான் கடனில் வந்த, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குமான திட்டம். 2008-இல் தண்ணீர் வந்தது. அதற்காகப் போராடியவர்கள் பல கட்சியில், பல ஊரில் இருக்கிறார்கள். அக்காவுக்கு அதில் பங்கு உண்டென்றால் அது கடைசி நானூற்றுச் சொச்சம் அடியில்தான். நாளைக்கு எழுதுகிறேன்.

1 பிப்ரவரி 2023

முதலில் திருத்தம். 2008 அடிக்கல் நாட்டிய வருஷம். தண்ணீர் திறந்துவிட்டது 2013 மே மாதம். அரூர் நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி. ஐந்து வருஷத்தை நான் விழுங்கிவிட்டேன். அந்த ஐந்து வருஷமும் போர்வெல் தண்ணீர் குடித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தண்ணீர் ஏன் இத்தனை பெரிய விஷயம் என்று தெரியாது. எங்கள் பூமிக்கு அடியில் பாறை. அந்தப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு தண்ணீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது கணக்கு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளையைப் பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்: காவிக் கறை, எத்தனை தேய்த்தாலும் போகாது. வயதானால் முட்டி மடங்காது, முதுகு நிமிராது. பெண் பார்க்க வருகிறவர்கள் “பொண்ணு சிரிக்கட்டும்” என்று கேட்ட ஊர் எங்கள் ஊர்.

சரி, அந்த நானூறு அடி. குழாய் கீழ்த்தெரு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மேட்டுத்தெருவுக்கு, அதாவது காலனிக்கு, எஸ்டிமேட்டில் இடமில்லை என்றார்கள். எத்தனை அடி என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு. அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் தையல் டேப். அறுபது அங்குலம், ஐந்து அடி.

“தம்பி, நீ ஒரு முனையைப் பிடி.”

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, ஓசூரில் கம்பெனி வேலை, அழகான சட்டை. ஊரே வேடிக்கை பார்க்க, தெருவில் குந்திக் குந்தி டேப் பிடித்தேன். ஒவ்வொரு டேப்புக்கும் அவர் தையல் சாக்பீஸால் ஒரு கோடு. பின்னாலேயே வந்த பையன்கள் எண்ணினார்கள். எண்பத்து நாலு டேப். நான் பெருக்கிச் சொன்னேன், நானூற்று இருபது அடி.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “நானூத்தி இருபதுன்னு எழுதுனா சிரிப்பானுங்க. நானூத்தி இருபத்தொண்ணுன்னு போடு.”

அப்படியேதான் மனு போனது. பிறகு அளக்க வந்தவர்கள் அதிகம் குறைக்க முடியவில்லை. மேட்டுத்தெருவுக்குக் குழாய் வர அதற்கப்புறமும் ஒன்றரை வருஷம் ஆனது, மூன்று கிராம சபைத் தீர்மானம், ஒரு தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, முப்பது நாளில் பதில் வராமல், மேல்முறையீடு போட்டு... அந்தக் கதையில் சுவாரசியம் எதுவும் கிடையாது. முக்கால்வாசி வேலை அப்படித்தான் இருந்தது.

5 பிப்ரவரி 2023

எல்லாரும் புகழ்ந்து எழுதுகிறீர்கள். என் மனத்தில் ஒரு முள் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன்.

2004-இல் அப்பா போனார். எனக்குப் பதினாறு. அம்மாவுக்கு ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு போட வேண்டும். அக்காவிடம் போனோம். அவர் எழுதித் தரவில்லை. “நீயே எழுது” என்று அம்மாவிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். புருஷன் போய் நாற்பது நாள் ஆகாத பெண்ணிடம். நான் எழுதுகிறேன் என்றேன், அதுவும் கூடாது என்றார். அம்மா நாலு தாளைக் கிழித்துப் போட்டு ஐந்தாவதில் எழுதி முடித்தார். கடைசிப் பஸ் போயே போய்விட்டது.

அன்றைக்கு நினைத்தேன், இந்த அம்மாவுக்கு நாங்களெல்லாம் பாடப்புத்தகம். யாருக்கு என்ன வலி என்று பார்க்காமல் பாடம் நடத்துகிறார் என்று. இப்போதும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

6 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். திட்டு விழுந்தது.

நடந்தது இதுவாம். அக்கா ஏற்கெனவே ஒரு மனு எழுதித் தந்திருக்கிறார், நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது. அம்மா கொண்டுபோய்க் கொடுத்த அலுவலகத்தில் அது கிடப்பில் போய்விட்டது. அங்கே அக்காவின் கையெழுத்து எல்லாருக்கும் அத்துபடி. தலைப்பைப் பார்த்ததுமே “இந்த ஊர் டெய்லரம்மா மனுவா” என்று அடியில் செருகிவிடுவார்களாம். அதனால்தான் இரண்டாவது மனுவை வேறு கையில் எழுத வேண்டியதாயிற்று. நான் எழுதினால் என்ன என்று கேட்டேன். “உன் கையெழுத்து அவ கையெழுத்து மாதிரியேதானே இருக்கும், உனக்கு எழுதப் பழக்கினதே அவதானே” என்றார் அம்மா. அது எனக்கு மறந்தே போயிருந்தது.

பத்தொன்பது வருஷம் தப்பான காரணத்துக்குக் கோபப்பட்டிருக்கிறேன்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். நாலு தாள் கிழிந்ததற்குக் காரணம் எழுதத் தெரியாதது அல்ல, அழுகையில் மை கலைந்ததுதான் மூன்றுக்கு. நாலாவதை அக்காதான் கிழித்தார். அம்மா “கணவர் இரப்புச் சான்று இணைத்துள்ளேன்” என்று எழுதியிருந்தார். “சின்ன ர போட்டா பிச்சை எடுக்கிறதுன்னு அர்த்தம். நாம ஒண்ணும் பிச்சை கேட்கல. பெரிய ற போடு.”

இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார். நேற்றைய பதிவை நீக்கச் சொன்னார். நீக்கவில்லை, கிடக்கட்டும்.

7 பிப்ரவரி 2023

ஒரே ஒரு குறை நிச்சயம் உண்மை என்று ஊர்ப் பெண்கள் ஒருமனதாகச் சொல்கிறார்கள்: சொன்ன தேதியில் ரவிக்கை வராது. என் சித்தி பெண்ணின் முகூர்த்த ரவிக்கை தாலி கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ஒரு கையில் ஹெம்மிங் பாக்கியோடு வந்தது. முந்தின நாள் வாக்காளர் பட்டியல் முகாம். ஊசியோடு மணமேடைக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டு ஊரில் பெண் பெயரைச் சேர்க்கப் படிவத்தையும் கையில் திணித்துவிட்டுப் போனார்.

12 பிப்ரவரி 2023

பெரிய திருத்தம். தேர்தலில் நின்றதே இல்லை என்று முதல் நாள் எழுதினேன். நின்றிருக்கிறார். ஊரில் பெரியவர் ஒருவர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். 1996 உள்ளாட்சித் தேர்தல், பத்து வருஷம் கழித்து நடந்தது, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வந்த முதல் தேர்தல். வார்டு மெம்பருக்கு நின்று 23 ஓட்டு வாங்கித் தோற்றார். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அவர் கற்றுக்கொடுத்து எழுத்துப் படித்த பெண்கள் மட்டும் அந்த வார்டில் நாற்பது பேர்.

யோசித்துப் பாருங்கள். நாற்பது பேரில் பதினேழு பேராவது போடவில்லை. மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு அதே நாற்பது பேரும் லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அக்கா வந்து பலகையில் எழுதுகிறார். பெரியவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை நானாக நினைத்துக்கொள்கிறேன், யார் முகத்தை யார் பார்த்திருப்பார்கள் என்று.

அம்மாவிடம் “நீ போட்டியா” என்று கேட்டேன். “ஓட்டு ரகசியம்” என்று சொல்லிவிட்டார். அக்கா கொடுத்த பயிற்சி.

2019 டிசம்பரில் மறுபடியும் நிற்கச் சொல்லி வீடு தேடி வந்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் தேர்தல் நடக்காமல், தனி அலுவலரே எல்லாம் என்று இருந்து நடந்த தேர்தல் அது. இந்தத் தடவை ஜெயித்தும் இருப்பார். முடியாது என்றுவிட்டார். நான் அது தப்பு என்று அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். செக்கில் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தால் எத்தனையோ நடந்திருக்கும். காரணம் கேட்டதற்கு “பிளவுஸ் நிறைய நிக்குது” என்றார். வேறு காரணம் சொல்லவே இல்லை.

13 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதைப் படித்து ஒருவர் கேட்டிருக்கிறார், அந்த 23 ஓட்டுத் தோல்வி பயம்தானே 2019-இல் நிற்காததற்குக் காரணம் என்று. இருக்கலாம். நான் அவரைத் தெய்வமாக்க வரவில்லை.

அப்புறம், பெண் தலைவர் வந்தபோது நடந்தது. தலைவர் பெண், நாற்காலியில் வந்து உட்கார்ந்தது கணவர். கிராம சபையில் அக்கா எழுந்து, “சார் நீங்க யாரு? பார்வையாளரா? பார்வையாளர்லாம் பின்னாடி பாய்ல உட்காரணும்” என்றார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. அந்தத் தலைவரம்மா பிறகு நன்றாகவே பேச ஆரம்பித்தார். முதலில் அக்காவோடு சண்டை போடுவதற்காகத்தான் பேசினார், அது வேறு விஷயம்.

26 பிப்ரவரி 2023

முப்பதாம் நாள் படத்திறப்பு. படம்தான் பிரச்சினையாகிவிட்டது. அக்கா எந்தப் போட்டோவிலும் வாய் திறந்திருக்கமாட்டார். குரூப் போட்டோ, அடையாள அட்டை, கல்யாண ஆல்பம், எல்லாவற்றிலும் உதடு இறுக்கம். காரணம் எங்கள் ஊரில் சொல்லத் தேவையில்லை. தேடித் தேடி ஒரு படம் கிடைத்தது: மேட்டுத்தெருவில் குழாயில் தண்ணீர் வந்த அன்று யாரோ செல்போனில் எடுத்தது. தலையெல்லாம் நனைந்து, வாய் நிறையச் சிரிப்பு, பல் அத்தனையும் தெரிகிறது.

ஸ்டுடியோ தம்பி நல்ல மனசோடு பல்லைப் பளிச்சென்று வெளுத்துப் பிரேம் போட்டுக் கொண்டுவந்துவிட்டான். அம்மா பார்த்தார். “இது யாரு?” என்றார். அவ்வளவுதான், திருப்பி அனுப்பியாயிற்று. காவிப்பல்லோடு வேறு பிரிண்ட் மறுநாள் வந்தது. படத்திறப்பு ஒரு நாள் தள்ளிப்போனது. சொன்ன தேதியில் வராதது அவருக்குப் பொருத்தம்தான் என்று சித்தி பெண் சொன்னாள்.

22 மார்ச் 2023

உலகத் தண்ணீர் தின கிராம சபை. போன வருஷத்திலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு கூட்டம். அக்கா கடைசியாக வந்தது நவம்பர் 1. லீவு கிடைக்கவில்லை, நான் போகவில்லை. அம்மா போனில் சொன்னது: தீர்மானம் படித்து முடித்ததும் பின்வரிசையில் ஆடு மேய்க்கும் கிழவி ஒருத்தி “கோடு போட்டாச்சா?” என்று கத்தினாளாம். செயலர் பாக்கெட்டில் பேனாவைத் தேடி எடுத்துப் போட்டாராம். கோணல்மாணலாக இருந்தது என்றார் அம்மா.

16 ஏப்ரல் 2023

வாக்காளர் பட்டியலில் அக்கா பெயர் இன்னும் இருக்கிறது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பட்டியலில் பேர் சேர்ப்பதைவிடச் செத்தவர் பேரை நீக்குவதில்தான் அவருக்கு வெறி அதிகம். “செத்தவன் ஓட்டு உயிரோடு இருக்கக் கூடாது” என்பார். துக்கம் கேட்கப் போகிற வீட்டிலேயே, பதினாறாம் நாள் முடிந்த கையோடு படிவம் 7-ஐ நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் உண்டு. அவர் பேரை நீக்க மட்டும் மூன்று மாதமாக யாருக்கும் கை வரவில்லை.

நான் போடலாம் என்று பார்த்தால் முடியாது. ஆட்சேபம் கொடுப்பவர் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். என் ஓட்டு ஓசூரில். அதை மாற்ற வைத்ததும் அவர்தான். “தூங்குறது ஓசூர்ல, ஓட்டு மட்டும் பாலக்கோட்டுலயா?” என்று நச்சரித்து மாற்ற வைத்தார். 1989-இல் ஓட்டு வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டானதும் முதல் தேர்தலிலேயே ஓட்டுப் போட்டவர். ஜனவரி சட்டமன்றத் தேர்தலில் சின்னப் பெண்ணாக இருந்தேன், நவம்பர் மக்களவைத் தேர்தலில் பெரிய மனுஷி ஆகிவிட்டேன் என்று அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவரிடம் ஓட்டு விஷயத்தில் வாதாட முடியுமா?

23 ஏப்ரல் 2023

அம்மா எழுதினார். நேற்று அங்கன்வாடியில் உட்கார்ந்து. வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருக்கும் பெண் நான் நிரப்பித் தருகிறேனே என்றாள். வேண்டாம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், அட்டை எண், பாகம் எண் எல்லாம் ஒவ்வொரு கட்டமாக, அவசரமே இல்லாமல். காரணம் கேட்கும் இடத்தில் டிக் போட்டால் போதும் அம்மா என்றாள் அந்தப் பெண். அம்மா டிக் போட்டார். போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த இடுக்கில் எழுதவும் செய்தார்: இறப்பு. பெரிய ற-வை மட்டும் இரண்டு தடவை அழுத்தினார்.

படிவத்தை நீட்டினார். அந்தப் பெண் வாங்கி ஃபைலில் வைத்தாள். அம்மா எழுந்திருக்கவில்லை.

“என்னம்மா?”

“சீட்டு கிழிச்சுக் குடு கண்ணு. தேதியோட.”